ஸ்பானிஷ் வினைகளின் காலங்கள்: தமிழ் வழியாகவே படிக்க ஒரு முழு வழிகாட்டி

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்து ஏழெட்டு மாதம் இருக்கும். மெக்சிகோக்காரர் ஒருவருடன் வாரம் ஒருமுறை ஆன்லைனில் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன். அவருக்கு நான் ஆங்கிலம், எனக்கு அவர் ஸ்பானிஷ் என்று ஏற்பாடு. ஒருநாள் பாட்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. "கரண்ட் போனால் பாட்டி எங்களை மொட்டைமாடியில் உட்கார வைத்துக் கதை சொல்வார்" என்று சொல்ல நினைத்தேன். 'சொல்வார்' எதிர்காலம்தானே என்று "மி அபுவேல நோஸ் கொன்தரா குவேன்தொஸ்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "என்றைக்குச் சொல்வார்? நானும் கேட்கலாமா?" என்றார். பாட்டி போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

நான் சொல்லியிருக்க வேண்டியது 'கொன்தாப'. ஓர் அசைதான் வித்தியாசம். ஆனால் அந்தத் தப்பு ஸ்பானிஷால் வரவில்லை, என் தமிழால் வந்தது. பழைய பழக்கத்தைச் சொல்லும்போது நாம் எதிர்கால வடிவத்தைப் போடுகிறோம் என்பதை நானே அன்றைக்குத்தான் கவனித்தேன். நான் படித்த ஆங்கிலப் புத்தகங்கள் ஆங்கிலம் பேசுகிறவர்கள் சறுக்கும் இடங்களைத்தான் எச்சரித்தன. நாம் சறுக்கும் இடங்கள் வேறு. அதேபோல, அவர்கள் மூச்சு வாங்கி ஏறும் பல இடங்களில் நமக்கு மேடே கிடையாது. அதனால் ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டு, தமிழிலிருந்து நேராக ஸ்பானிஷுக்குப் போகும் வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு எழுத்து ஏற்பாடு

ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருவதால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே நெடில் வந்தால் அந்த அசையில் அழுத்தம் என்று பொருள். ஓரசைச் சொற்களில் மட்டும் இதைப் பார்க்க வேண்டாம். உண்மையில் நீட்டத் தேவையில்லை, கொஞ்சம் தூக்கிச் சொன்னால் போதும்.

ஏன் இவ்வளவு கறார்? தமிழில் நீட்டினால் பொருள் மாறும்: படம், பாடம். அழுத்தினால் மாறாது. ஸ்பானிஷில் நேர்மாறு. 'ஆப்லொ' என்றால் நான் பேசுகிறேன். 'அப்லோ' என்றால் அவர் பேசினார். எழுத்துக்கள் அதேதான், அழுத்தம் இடம் மாறினால் ஆளும் மாறுகிறார், காலமும் மாறுகிறது. ஸ்பானிஷ் எழுத்தில் இதைக் காட்டத்தான் உயிரெழுத்தின் தலையில் அந்தச் சின்னச் சாய்கோடு. அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டால் காலங்கள் ஒருநாளும் பிடிபடாது.

உச்சரிப்பில் ஒரு நல்ல செய்தி. சொல்லின் நடுவில் வரும் ப, த, க மூன்றையும் நாம் 'அபாயம்', 'அதை', 'அகம்' என்பதில் மென்மையாக்குவது போலவே அவர்களும் தங்கள் b, d, g மூன்றையும் மென்மையாக்குவார்கள். வேறு மொழிக்காரர்கள் மாதக்கணக்கில் பழகும் ஒலி நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது.

படி 1: வினையைப் பிரித்துப் பாருங்கள்

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தோமே, பகுதி, விகுதி, இடைநிலை என்று? அப்போது எதற்கு என்று தெரியாமல் எழுதிய அந்த ஐந்து மதிப்பெண் பாடம் இங்கே உதவுகிறது. பேசினோம் = பேசு + இன் + ஓம். ஸ்பானிஷில் 'அப்லாபமொஸ்', அதாவது பேசிக்கொண்டிருந்தோம். இதில் 'அப்லா' பகுதி, 'ப' காலம் காட்டும் இடைநிலை, 'மொஸ்' நாம் என்று காட்டும் விகுதி. அதே வரிசை, அதே வேலைப் பிரிவு.

விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால் 'நான்', 'நாம்' என்றெல்லாம் தனியாகச் சொல்லத் தேவையில்லை. "வந்தேன்" என்றாலே நான்தான் வந்தேன். ஸ்பானிஷும் அப்படித்தான். ஆங்கிலம் வழியாகப் படித்த பழக்கத்தில் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யோ, யோ' என்று ஆரம்பிக்காதீர்கள். "நான் வந்தேன், நான் சாப்பிட்டேன், நான் தூங்கினேன்" என்று ஒருவர் தமிழில் பேசினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் கேட்கும்.

விகுதியில் நம்மைவிட அவர்களுக்குச் சுமை குறைவு. அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே விகுதி. நாம், நாங்கள் இரண்டும் ஒன்றே.

மரியாதையும் உண்டு. 'தூ' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். இந்த உஸ்தேத்துக்குப் படர்க்கை விகுதி வரும். 'வுயேஸ்த்ர மெர்ஸேத்', தங்கள் கருணை, என்று பெரியவர்களை அழைத்த வழக்கம் தேய்ந்து உஸ்தேத் ஆனதால் வந்த வினை அது. எதிரில் நிற்பவரிடமே "ஐயா எப்போது வந்தார்?" என்று கேட்கிற நம் பழைய வழக்கத்தை நினைத்துக்கொண்டால் விசித்திரமாகத் தெரியாது.

படி 2: நிகழ்காலம்

வினைகள் மூன்று குடும்பம். 'ஆர்' என்று முடிபவை, 'ஏர்' என்று முடிபவை, 'ஈர்' என்று முடிபவை. குடும்பத்துக்கு ஒன்றை மட்டும் நன்றாக உருப்போடுங்கள். நான், நீ, அவர், நாம், அவர்கள் என்ற வரிசையில்:

அப்லார், பேச: ஆப்லொ, ஆப்லஸ், ஆப்ல, அப்லாமொஸ், ஆப்லன்
கொமேர், சாப்பிட: கோமொ, கோமெஸ், கோமெ, கொமேமொஸ், கோமென்
பிபீர், வாழ: பீபொ, பீபெஸ், பீபெ, பிபீமொஸ், பீபென்

ஆறாவதாக 'பொஸோத்ரொஸ்' என்ற ஒன்று உண்டு, நெருங்கியவர்கள் பலரை அழைக்கும் வடிவம். அது ஸ்பெயினில்தான் புழங்குகிறது. லத்தீன் அமெரிக்காவில் எல்லாருக்கும் 'உஸ்தேதெஸ்', விகுதியும் 'அவர்கள்' விகுதியே. மாட்ரிட் போகும் எண்ணம் இல்லையென்றால் ஆரம்பத்தில் அந்த ஆறாவதை விட்டுவிடுங்கள். அர்ஜென்டினா போகிறவர்கள் மட்டும், அங்கே 'தூ'வுக்குப் பதில் 'போஸ்' என்றும் அதற்கு அழுத்தம் கடைசிக்கு நகரும் என்றும் தெரிந்துகொண்டால் போதும்: ஆப்லஸ் இல்லை, அப்லாஸ்.

அப்புறம் அடங்காத வினைகள். இவற்றில் ஒரு பெரிய கூட்டத்துக்கு ஒரே காரணம்தான். லத்தீனில் குறிலாக இருந்த எ, ஒ இரண்டும் அழுத்தம் விழுந்த இடத்தில் உடைந்து 'இயே', 'உவே' ஆகிவிட்டன. அதனால் 'பொதேர்', முடிய, என்பது 'புவேதொ, புவேதெஸ், புவேதெ' ஆகும். நாம் வடிவத்தில் அழுத்தம் விகுதிக்குப் போய்விடுவதால் உடையாது: 'பொதேமொஸ்'. அழுத்தத்தைக் காதில் பிடித்தவருக்கு இதில் மனப்பாடம் பாதி குறையும். இன்னொரு கூட்டம் நான் வடிவத்தில் மட்டும் 'கொ' சேர்த்துக்கொள்ளும்: தேங்கொ, பேங்கொ, போங்கொ, ஸால்கொ, ஆகொ, தீகொ. முறையே: வைத்திருக்கிறேன், வருகிறேன், வைக்கிறேன், புறப்படுகிறேன், செய்கிறேன், சொல்கிறேன்.

இப்போது நம் முதல் பள்ளம். "தினமும் காலையில் காபி குடிப்பேன்." வடிவம் எதிர்காலம், பொருள் பழக்கம். ஸ்பானிஷில் இதற்கு நிகழ்காலம்: 'தோமொ கஃபே'. இதை எதிர்காலத்தில் சொன்னால், இதுவரை காபியே குடிக்காதவர் இனிமேல் தொடங்கப்போகிறார் என்று ஆகிவிடும்.

எதிர்ப்பக்கம் ஒரு லாபமும் இருக்கிறது. "நாளைக்கு ஃபோன் பண்ணுகிறேன்" என்று நிகழ்காலத்திலேயே நாளையைச் சொல்கிறோமே, அதை அப்படியே வைக்கலாம்: 'மஞான தெ யாமொ'. "மூன்று வருடமாக இங்கே வசிக்கிறேன்" என்பதும் அப்படியே நிகழ்காலம்: 'பீபொ அகீ தெஸ்தெ ஆஸெ த்ரேஸ் ஆஞொஸ்'. ஆங்கிலத்தில் இதற்கு வேறு காலம் வேண்டும். ஆங்கிலம் வழியாக யோசிக்கிறவர் இங்கே தடுமாறுவார், நாம் மாட்டோம்.

படி 3: இரண்டு 'இரு'

'ஸேர்', 'எஸ்தார்' என்று இரண்டு வினைகள். நிரந்தரம் என்றால் ஸேர், தற்காலிகம் என்றால் எஸ்தார் என்று பல வகுப்புகளில் சொல்லித் தருவார்கள். அந்த விதியை நம்பாதீர்கள். மாட்ரிட் ஸ்பெயினில் இருப்பது தற்காலிகமா? ஆனாலும் 'மத்ரீத் எஸ்தா என் எஸ்பாஞ' என்று எஸ்தார்தான் வரும்.

தமிழில் கேட்டுப் பாருங்கள். "அவர் டாக்டர்." இதில் வினையே இல்லை. இங்கே ஸேர்: 'ஏஸ் மேதிகொ'. "அவர் வீட்டில் இருக்கிறார்." இரு வந்துவிட்டது. இங்கே எஸ்தார்: 'எஸ்தா என் காஸ'. நாம் வினை போடாமல் விடும் இடத்தில் ஸேர், இரு போடும் இடத்தில் எஸ்தார். முக்கால்வாசி இடங்களில் இது ஓடும்.

ஓடாத இடம் குணங்கள். "உயரமாக இருக்கிறான்", "களைப்பாக இருக்கிறான்" இரண்டிலும் நமக்கு இரு வருகிறது. அப்போது 'ஆனவன்' சேர்த்துப் பாருங்கள். உயரமானவன் சரியாக நிற்கிறது, அதனால் ஸேர்: 'ஏஸ் ஆல்தொ'. களைப்பானவன் ஒட்டவில்லை, அதனால் எஸ்தார்: 'எஸ்தா கன்ஸாதொ'. இன்னொரு விலக்கு, நிகழ்ச்சிகள் நடக்கும் இடம். "கல்யாணம் மண்டபத்தில்" என்று நாமும் வினையில்லாமல் சொல்லலாம் அல்லவா? அங்கே ஸேர்.

சரி, காலங்களைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு? தொடர்வினைக்கு எஸ்தார் வேண்டும். 'எஸ்தோய் கொமியேந்தொ', சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். தமிழிலும் அதே இரு.

படி 4: எதிர்காலத்துக்குக் குறுக்கு வழி

"சாப்பிடப் போகிறேன்." ஸ்பானிஷில் 'போய் ஆ கொமேர்'. போகிறேன் என்ற வினை, அப்புறம் சாப்பிட என்ற வடிவம். தமிழ் வரிசையைத் திருப்பிப் போட்டால் ஸ்பானிஷ். 'போய்' என்றால் அவர்களுக்கும் போவதுதான் என்பது தற்செயல், ஆனால் நான் இதை மறந்ததே இல்லை. போய், பாஸ், பா, பாமொஸ், பான். இந்த ஐந்தும் எந்த வினையின் மூல வடிவமும் தெரிந்தால் எதிர்காலத்தைச் சமாளித்துவிடலாம். பேச்சில் இதுதான் அதிகம். தனி எதிர்கால வடிவத்தைப் பிறகு பார்ப்போம், அதற்கு வேறு சுவையான வேலை இருக்கிறது.

படி 5: இரண்டு இறந்தகாலங்கள்

இங்கே நிதானமாக உட்காருங்கள். மற்ற எல்லாப் படிகளுக்கும் சேர்த்துச் செலவாகும் நேரம் இந்த ஒன்றுக்கே ஆகும்.

ப்ரெட்டரிட் என்பது முடிந்துபோன செயல். அப்லே, அப்லாஸ்தெ, அப்லோ, அப்லாமொஸ், அப்லாரொன். கொமேருக்கு: கொமீ, கொமீஸ்தெ, கொமியோ, கொமீமொஸ், கொமியேரொன். இம்பர்ஃபெக்ட் என்பது முடிவைக் காட்டாத செயல். அப்லாப, அப்லாபஸ், அப்லாப, அப்லாபமொஸ், அப்லாபன். கொமேருக்கு: கொமீய, கொமீயஸ், கொமீய, கொமீயமொஸ், கொமீயன். இம்பர்ஃபெக்டில் அடங்காதவை மொத்தம் மூன்றே: ஸேருக்கு 'ஏர', போக என்ற ஈர் வினைக்கு 'ஈப', பார்க்க என்ற பேர் வினைக்கு 'பெயீய'.

ப்ரெட்டரிட்டில் அடங்காதவை நிறைய. தூபெ, எஸ்தூபெ, பூதெ, பூஸெ, ஸூபெ, ஈஸெ, பீனெ, கீஸெ, தீஹெ. இவற்றில் அழுத்தம் கடைசியில் இல்லை, முன்னால் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு பாட்டுப் போல ஒரே மூச்சில் சொல்லிப் பழகினால் ஒட்டிக்கொள்ளும். 'ஃபுயீ' என்பதற்கு 'போனேன்' என்றும் 'இருந்தேன்' என்றும் இரண்டு பொருள். இடத்தை வைத்துத்தான் தெரியும்.

எதை எங்கே போடுவது? தமிழில் 'கொண்டிருந்தேன்' வந்தால் இம்பர்ஃபெக்ட். பழைய பழக்கத்தைச் சொல்லும் 'சொல்வார்', 'போவோம்', 'அடிக்கும்' வந்தால் இம்பர்ஃபெக்ட். நிலைமையைச் சொல்லும் 'இருந்தது', வயது, மணி எல்லாம் பெரும்பாலும் இம்பர்ஃபெக்ட். வெறும் 'போனேன், வந்தேன், எடுத்தேன்' என்றால் ப்ரெட்டரிட். ஒரு சின்னக் காட்சியில் பார்க்கலாம்.

ஏரன் லஸ் த்ரேஸ். யொபீய. ல அபுவேல தொர்மீய இ யோ லெயீய. தெ ரெபேன்தெ ஸொனோ எல் தெலேஃபொனொ. மெ லெபன்தே, கொன்தெஸ்தே, பெரொ நாதியெ அப்லோ.

மணி மூன்று. மழை பெய்துகொண்டிருந்தது. பாட்டி தூங்கிக்கொண்டிருந்தார், நான் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஃபோன் அடித்தது. எழுந்தேன், எடுத்தேன், ஆனால் யாரும் பேசவில்லை.

முதல் நான்கு வினைகளும் பின்னணித் திரை. ஐந்தாவதிலிருந்து நாடகம். இப்போது ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். 'யொபீய'வை 'யொபியோ' ஆக்கினால் மழை பெய்து ஓய்ந்துவிடும். 'ஸொனோ'வை 'ஸொனாப' ஆக்கினால் ஃபோன் விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். 'லெயீய'வை 'லெயீ' ஆக்கினால் நீங்கள் படித்து மூடிவைத்துவிட்டீர்கள். இலக்கணம் தப்பவில்லை, கதைதான் மாறிவிட்டது. அதனால்தான் இதை விதியாகப் படிப்பதைவிட இப்படி ஒரு பத்தியைக் கையில் வைத்து உருட்டிப் பார்ப்பது பலன் தரும்.

நீண்ட காலம் நடந்தது என்பதற்காக இம்பர்ஃபெக்ட் போட்டுவிடாதீர்கள். "மூன்று வருடம் மாட்ரிட்டில் வாழ்ந்தேன்" என்றால் மூன்று வருடத்தோடு கணக்கு முடிந்தது. 'பிபீ த்ரேஸ் ஆஞொஸ் என் மத்ரீத்', ப்ரெட்டரிட்தான். எல்லை சொன்னீர்களா என்பதுதான் கேள்வி.

சில வினைகள் இரண்டு காலத்தில் இரண்டு சொல்லாகவே மாறும். 'ஸபீய' என்றால் தெரிந்திருந்தது, 'ஸூபெ' என்றால் தெரியவந்தது. 'கொனொஸீய' என்றால் பழக்கம் இருந்தது, 'கொனொஸீ' என்றால் அறிமுகமானேன். 'நோ கெரீய' என்றால் விருப்பமில்லாமல் இருந்தேன், 'நோ கீஸெ' என்றால் மாட்டேன் என்றுவிட்டேன். தமிழில் இவற்றுக்கு வெவ்வேறு சொல் இருப்பதால் பட்டியல் தானாக நிற்கும்.

படி 6: சாப்பிட்டிருக்கிறேன், சாப்பிட்டிருந்தேன், சாப்பிட்டிருப்பேன்

இது நமக்குக் கிடைத்த பரிசு. தமிழில் எச்சத்தோடு இரு சேர்க்கிறோம், இருவின் காலத்தை மட்டும் மாற்றுகிறோம். ஸ்பானிஷில் 'அபேர்' என்ற துணைவினை அந்த இருவின் வேலையைச் செய்கிறது. 'ஏ கொமீதொ' சாப்பிட்டிருக்கிறேன். 'அபீய கொமீதொ' சாப்பிட்டிருந்தேன். 'அப்ரே கொமீதொ' சாப்பிட்டிருப்பேன். கொமீதொ அசையாது, முன்னால் உள்ளது மட்டும் மாறும். நிகழ்கால வரிசை: ஏ, ஆஸ், ஆ, ஏமொஸ், ஆன். எச்சங்களில் அடங்காதவை கொஞ்சம்: ஏச்சொ, தீச்சொ, பீஸ்தொ, எஸ்க்ரீதொ, புவேஸ்தொ, அபியேர்தொ, ரோதொ. செய்த, சொன்ன, பார்த்த, எழுதிய, வைத்த, திறந்த, உடைந்த.

ஒரு ஊர் வித்தியாசம். "சாப்பிட்டாச்சா?" என்பதை மாட்ரிட்டில் 'ஆஸ் கொமீதொ?' என்பார்கள். மெக்சிகோவில் 'யா கொமீஸ்தெ?' என்று ப்ரெட்டரிட்டில் முடித்துவிடுவார்கள். இரண்டும் சரி. யாரோடு பேசுகிறீர்களோ அவர்கள் வழியில் போங்கள்.

படி 7: எதிர்காலமும், இருக்கும் என்ற ஊகமும்

தனி எதிர்கால வடிவம் மிக எளிது. மூல வடிவத்தை வெட்டாமல் அதன் பின்னால் ஒட்டுங்கள்: அப்லரே, அப்லராஸ், அப்லரா, அப்லரேமொஸ், அப்லரான். அந்த ஒட்டு வேறொன்றும் இல்லை, போன படியில் பார்த்த 'ஏ, ஆஸ், ஆ' தான். பழைய காலத்தில் தனியாக நின்றது ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு டஜன் வினைகளில் பகுதி கொஞ்சம் சுருங்கும்: தெந்த்ரே, பொத்ரே, அரே, திரே.

இதன் சுவையான வேலை ஊகம். "மணி என்ன இருக்கும்?" என்று கேட்கிறோமே, அது எதிர்காலமா? வடிவம் எதிர்காலம், பொருள் இந்த நிமிடம். ஸ்பானிஷிலும் அச்சாக அப்படியே: 'கே ஓர ஸெரா?' "வீட்டில் இருப்பார்": 'எஸ்தரா என் காஸ'. "வெளியே போயிருப்பார்": 'அப்ரா ஸலீதொ'. வேறு மொழிக்காரர்களுக்கு இதைத் தனி அத்தியாயமாகச் சொல்லித் தருவார்கள். நீங்கள் யோசிக்காமல் தமிழைப் பின்பற்றலாம்.

அடுத்து அப்லரீய, கொமெரீய என்ற வடிவம். மூல வடிவத்தோடு 'ஈய' சேர்த்தால் வரும். பணிவாகக் கேட்க உதவும், 'பொத்ரீய' என்றால் 'உங்களால் முடியுமா' என்ற தொனி. ஆனால் இங்கே நமக்கு ஒரு பள்ளம் உண்டு. "வருவேன் என்று சொன்னான், வரவில்லை." நாம் அவன் சொன்னதை அப்படியே வைத்து 'என்று' போட்டுவிடுகிறோம். ஸ்பானிஷில் சொன்ன காலத்துக்கு ஏற்ப உள்ளே இருப்பதும் நகர வேண்டும்: 'தீஹொ கே பெந்த்ரீய'.

படி 8: அட்டும்

சப்ஜங்டிவ் என்ற பெயரைக் கேட்டே பலர் ஓடிப்போகிறார்கள். அடுத்த தெருவில் இருப்பதுதான். "அவன் வரட்டும்", "மழை பெய்யட்டும்", "வாழ்க". நடந்ததையோ நடப்பதையோ சொல்லவில்லை, நடக்க வேண்டும் என்கிறோம். ஸ்பானிஷில் 'கே பேங்க' வரட்டும். 'ஒஹலா யுவேப' மழை பெய்யட்டும். இந்த ஒஹலா, இறைவன் நாடினால் என்ற அரபித் தொடரிலிருந்து வந்தது. 'பீப!' என்றால் வாழ்க. நம் வியங்கோளின் உறவினர்.

வடிவத்துக்கு உயிரை இடம் மாற்றினால் போதும். அ குடும்பம் எ எடுக்கும்: ஆப்லெ. எ, இ குடும்பங்கள் அ எடுக்கும்: கோம, பீப. நான் வடிவத்தில் 'கொ' சேர்ந்தவை அதையும் தூக்கிக்கொண்டு வரும்: தேங்க, பேங்க, ஆக. இந்த வழிக்கு வராதவை ஆறுதான், அவற்றில் ஸேய, பாய, ஆய மூன்றும் முதலில் போதும்.

பயன்பாட்டில் ஒரு பெரிய ஒற்றுமை. "போக விரும்புகிறேன்" என்றால் விரும்புகிறவரும் போகிறவரும் ஒரே ஆள், அதனால் மூல வடிவம்: 'கியேரொ ஈர்'. "நீ போக வேண்டும் என்று விரும்புகிறேன்" என்றால் ஆள் மாறிவிட்டது, அதனால் சப்ஜங்டிவ்: 'கியேரொ கே பாயஸ்'. 'என்று' வரும் இடமெல்லாம் சப்ஜங்டிவ் அல்ல. "வருகிறான் என்று நினைக்கிறேன்" சாதாரணம்: 'க்ரேயொ கே பியேனெ'. "வருவான் என்று தோன்றவில்லை" என்றால் மாறும்: 'நோ க்ரேயொ கே பேங்க'.

பள்ளம் 'வரும்போது' என்பதில். "நீ வரும்போது புத்தகம் கொண்டுவா" என்றால் இன்னும் வரவில்லை, சப்ஜங்டிவ்: 'குவாந்தொ பேங்கஸ்'. "நீ வரும்போது மழை வருகிறது" என்றால் வழக்கம், சாதாரண நிகழ்காலம்: 'குவாந்தொ பியேனெஸ்'. 'வரும்போதெல்லாம்' என்று மாற்றிப் பாருங்கள். பொருள் கெடாமல் நின்றால் சப்ஜங்டிவ் வேண்டாம்.

இதன் இறந்தகாலம் ப்ரெட்டரிட்டின் அவர்கள் வடிவத்திலிருந்து வரும். 'துபியேரொன்', அதிலிருந்து 'துபியேர'. "பணம் இருந்தால் வீடு வாங்குவேன்" என்று தமிழில் சொன்னால் கையில் பணம் வரப்போகிறதா, வெறும் கனவா என்று தெரியாது. ஸ்பானிஷ் அதைக் கேட்கும். கனவு என்றால்: 'ஸி துபியேர தினேரொ, கொம்ப்ரரீய ஊன காஸ'. வரக்கூடும் என்றால்: 'ஸி தேங்கொ தினேரொ, கொம்ப்ரரே ஊன காஸ'. 'ஸி'க்குப் பின்னால் 'ரீய' போடக்கூடாது. வட ஸ்பெயினில் சில பகுதிகளில் ஊர்க்காரர்களே போடுவார்கள், ஆனால் தேர்வில் மதிப்பெண் போய்விடும்.

எதை விடலாம், எதைக் கையில் வைத்துக்கொள்ளலாம்

புத்தக அட்டவணையில் 'ஊபெ கொமீதொ' என்று ஒரு காலமும், சப்ஜங்டிவின் எதிர்காலம் என்று ஒன்றும் இருக்கும். முதலாவது பழைய எழுத்தில், இரண்டாவது பெரும்பாலும் சட்டத் தாள்களில். இரண்டையும் தாண்டிப் போங்கள்.

பெயர்க் குழப்பத்துக்கும் தயாராக இருங்கள். வெனிசுலாவில் பிறந்த அந்த்ரேஸ் பேயொ 1847இல் ஸ்பானிஷ் பேசும் லத்தீன் அமெரிக்க நாட்டவருக்காக எழுதிய இலக்கணத்தில் காலங்களுக்குப் புதுப் பெயர் வைத்தார். மெக்சிகோப் பாடப்புத்தகங்களில் இன்றும் அந்தப் பெயர்கள் உண்டு. ஸ்பெயின் புத்தகத்தில் 'இம்பெர்ஃபேக்தொ' என்று இருப்பது அங்கே 'கொப்ரெதேரிதொ'. இரண்டு புத்தகம் வைத்துக்கொண்டு, இது புதுக் காலமோ என்று நான் ஒரு வாரம் அலைந்திருக்கிறேன். வடிவம் சந்தேகமென்றால் 1713இல் தொடங்கிய ஸ்பானிஷ் மொழிக் கழகமான ரெயால் அகதேமிய எஸ்பஞோலவின் இணைய அகராதியில் வினையைத் தேடுங்கள். முழு வாய்பாடும் இலவசமாகக் கிடைக்கும்.

பயிற்சிக்கு நான் வைத்திருக்கும் வழி இது. தினமும் ஐந்தாறு வரி தமிழில் எழுதுகிறேன், நேற்று நடந்தது, சின்ன வயதில் நடந்தது, எதுவானாலும். அதில் 'வேன், வான், வார், உம்' என்று முடியும் ஒவ்வொரு வினையின் கீழும் கோடு போடுகிறேன். பிறகு ஒவ்வொன்றையும் கேட்கிறேன்: இது நாளையா, தினசரிப் பழக்கமா, பழைய பழக்கமா, ஊகமா, யாரோ சொன்னதா? நாளை என்றால் 'போய் ஆ'. தினசரி என்றால் நிகழ்காலம். பழைய பழக்கம் என்றால் இம்பர்ஃபெக்ட். ஊகம் என்றால் தனி எதிர்காலம். அன்றைக்குச் சொன்னது என்றால் 'ரீய'. அதன் பிறகுதான் ஸ்பானிஷில் எழுத ஆரம்பிப்பேன். முதல் நாள் எழுதிய வரி இன்னும் நோட்டில் இருக்கிறது: 'குவாந்தொ ஸெ ஈப ல லூஸ், மி அபுவேல நோஸ் கொன்தாப குவேன்தொஸ்.' கரண்ட் போனால் பாட்டி எங்களுக்குக் கதை சொல்வார்.